நிறவெறி நம் சபைக்குச் சம்பந்தமில்லாத பாவமா?

9 ஜூன் 2024, ஞாயிறு (கேள்வி)

"இன்று ஆராதனையில் நம் போதகர் அரை மணி நேரம் நிறவெறியைப் பற்றியே பேசினார். அது அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வெள்ளைக்காரர்கள் செய்த பாவம். நாமே கறுப்பு, பெங்களூரில் இருக்கிற தமிழர்களுக்கு அதில் என்ன பங்கு? இங்கே சாதி இருக்கிறது, மொழிச் சண்டை இருக்கிறது, நிறவெறி எங்கே இருக்கிறது? இன்னொன்று, காமின் சாபம், அதாவது நோவாவின் மகன் காமின் வம்சமாகிய ஆப்பிரிக்கர் அடிமைகளாக வேண்டும் என்ற சாபம், வேதத்திலேயே இருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

10 ஜூன், இரவு (பதில்)

காமின் சாபத்தை முதலில் முடித்துவிடுகிறேன் தம்பி, அது சுலபம். ஆதியாகமம் 9-ஆம் அதிகாரத்தை இன்னொரு தடவை நிதானமாக வாசியுங்கள். காம் சபிக்கப்படவே இல்லை, "கானான் சபிக்கப்பட்டவன்" என்றுதான் இருக்கிறது. அதைச் சொன்னவர் கர்த்தர் இல்லை, திராட்சரசத்தின் வெறி தெளிந்து எழுந்த நோவா. அடுத்த அதிகாரத்தில் காமின் பிள்ளைகள் நான்கு பேர் வருகிறார்கள்: கூஷ், மிஸ்ராயீம், பூத், கானான். எத்தியோப்பியர் கூஷின் வழி. கானானின் வழியில் வந்தவர்கள் சீதோனும் எபூசியரும் எமோரியரும், அதாவது இஸ்ரவேலுக்கு அக்கம்பக்கத்து ஜனங்கள். தோலின் நிறத்தைப் பற்றி அந்த இரண்டு அதிகாரங்களிலும் ஒரு வார்த்தை கிடையாது. ஆள்பிடித்து விற்றவர்களுக்கு மனசாட்சியை அடக்க ஒரு வசனம் வேண்டியிருந்தது. இதை எடுத்து வளைத்துக்கொண்டார்கள்.

கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் 18-ஆம் நூற்றாண்டில் இந்தியர்களையும் காமின் வம்சத்தில்தான் சேர்த்தார். அந்த வசனத்தை ஆப்பிரிக்கர் மேல் நீட்டினால் அது சுற்றிக்கொண்டு நம்மிடமும் வரும்.

மற்ற கேள்விக்கு நாளை எழுதுகிறேன். அது சுலபம் இல்லை.

12 ஜூன்

நாமே கறுப்பு, நமக்கு என்ன பங்கு என்று கேட்டீர்கள். என் குடும்பத்திலிருந்து தொடங்குகிறேன்.

தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. 1880-இலிருந்து இங்கிலாந்துக் கம்பெனி நடத்திய சுரங்கம். சாம்பியன் ரீஃப் குழி 3 கிலோமீட்டருக்கும் கீழே போகும். கீழே இறங்கியவர்கள் பெரும்பாலும் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள், அதிலும் எங்களைப் போன்ற ஆதிதிராவிடர்கள். மேலே பங்களாவும் கிளப்பும் வெள்ளைக்காரர்களுக்கு. நடுவில் ஆங்கிலோ இந்தியர்கள். தொழிலாளிகளுக்கு வரிசை வரிசையாக லைன் வீடுகள். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது வாயைத் திறக்கச் சொல்லி, தலைமுடிக்குள் விரலை விட்டுத் தேடுவார்களாம், தங்கத் துணுக்கு ஒளித்திருக்கிறதா என்று. "துரையோட வாயை யாராவது பார்த்தாங்களா?" என்று தாத்தா கேட்பார். கோபமாகக் கேட்க மாட்டார், அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

அந்தத் தாத்தாவே கல்யாணப் பேச்சு எடுத்தால் முதலில் பெண்ணின் நிறத்தைக் கேட்பார். "காப்பிரி மாதிரி இருக்கா" என்று ஒரு அத்தையைப் பற்றிச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. காப்பிரி என்றால் ஆப்பிரிக்கர் என்று எனக்குப் பல வருடம் தெரியாது, வெறும் வசவு என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆகவே காரணம் பெருமை என்பேன். மிதிபட்டவனுக்கும், தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்தால் ஒரு ஆறுதல். ஆலயத்துக்குப் போய், "நான் மற்றவர்களைப்போல இல்லை" என்று ஜெபித்த பரிசேயனின் ஆறுதல்.

12 ஜூன், படுக்கும் முன்

2016 ஜனவரி 31-ஐ விட்டுவிட்டேன். பெங்களூர் ஹெசரகட்டா ரோடு. சூடான் நாட்டு மாணவர் ஒருவரின் கார் மோதி ஒரு பெண் இறந்துபோனார். அரை மணி நேரம் கழித்து அதே வழியாக வேறொரு காரில் வந்த தான்சானியா மாணவியைக் கூட்டம் இழுத்துப்போட்டு அடித்தது, உடையைக் கிழித்தது, காரைக் கொளுத்தியது. விபத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நாடுகூட வேறு. நிறம் ஒன்றுதான் ஒற்றுமை. நிறவெறி இங்கே எங்கே இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு வேறு என்ன காட்டுவது?

16 ஜூன், ஞாயிறு

பெருமை என்று புதன்கிழமை எழுதியது ஆராதனை முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. தாத்தாவைப் பற்றி எழுதியாயிற்று, தெருவில் கூடிய கூட்டத்தைப் பற்றி எழுதியாயிற்று. என்னைப் பற்றி எழுதவில்லை.

2017. ஹென்னூர் பக்கம் எங்கள் வீட்டுக்கு மேல் ஒரு போர்ஷன் கட்டி முடித்து டு-லெட் போர்டு மாட்டியிருந்தோம். ஒரு மாலை நேரம், ஆப்பிரிக்க மாணவர் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் உறையில் காகிதங்கள். வேதாகமக் கல்லூரியில் படிக்கிறார். தன் சபைப் போதகரின் கடிதத்தையும் கொண்டுவந்திருந்தார். ரொம்ப மரியாதையாகப் பேசினார். நான் கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு, "வீடு கொடுத்தாச்சு" என்றேன். அப்போது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. சன்ஷேடுக்குள் வந்து நில்லுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அவர் நன்றி சொல்லி, காகிதங்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனார்.

போர்டை நான் கழற்றவில்லை. அது இன்னும் இரண்டு மாதம் தொங்கியது. அவர் தங்கியிருந்த இடத்திலிருந்து பஸ் ஸ்டாப்புக்குப் போகும் வழி எங்கள் தெரு. தினமும் பார்த்திருப்பார்.

சரி, அன்றைக்கு எனக்குள் இருந்தது பெருமையா? யோசித்துப் பார்க்கிறேன். அவரைவிட நான் உயர்ந்தவள் என்ற நினைப்பு அந்த நேரத்தில் இல்லை. எதிர்வீட்டு அம்மா மாடியில் துணி எடுத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மட்டும்தான் என் மனதில் ஓடியது. தெருவில் என்ன சொல்வார்கள், அசோசியேஷன் கூட்டத்தில் என்ன கேட்பார்கள். எனக்கு அவரைப் பார்த்து பயம் இல்லை. என் பயமெல்லாம் என் சொந்த ஜனங்களைப் பார்த்துத்தான்.

கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தில் பேதுரு இதைத்தான் செய்தார். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சொந்த யூத ஆட்கள் வந்ததும் "விருத்தசேதனமுள்ளவர்களுக்குப் பயந்து, விலகிப் பிரிந்தான்". எந்த மனுஷனையும் தீட்டென்று சொல்லக் கூடாது என்று காட்ட வானத்திலிருந்து இறங்கிய துப்பட்டியைத் தரிசனத்தில் பார்த்தவர் அவர். புறஜாதியானாகிய கொர்நேலியுவின் வீட்டுக்குள் போய், தேவன் பட்சபாதமுள்ளவரல்ல என்று தன் வாயாலேயே சொன்னவர். அறியாமையால் செய்தார் என்று யாரும் சொல்ல முடியாது. எல்லாம் தெரிந்தே விலகினார்.

நானும் அப்படித்தான். "மனுஷஜாதியான சகல ஜனங்களையும் அவர் ஒரே இரத்தத்தினாலே தோன்றப்பண்ணி" என்ற வசனத்தைச் சண்டே ஸ்கூலில் மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கியவள்.

புதன்கிழமை எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். பெருமை இருக்கிறது. ஆனால் என்னைப் போன்ற சாதாரண விசுவாசிகளிடம் அதைவிட அதிகமாக வேலை செய்வது பயம்.

19 ஜூன்

வீட்டு உரிமையாளர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "அக்கா, உங்களை நீங்களே ரொம்பக் குற்றப்படுத்திக்கொள்கிறீர்கள். சத்தம், இரவு முழுக்க ஆள் நடமாட்டம், போதைப்பொருள், இப்படி நியாயமான பயங்களும் உண்டு."

பதில் சொல்கிறேன். 2017-இல் அந்த மாணவருக்குக் கொடுக்காத போர்ஷனைக் கடைசியில் நம் தமிழ்க் குடும்பம் ஒன்றுக்குக் கொடுத்தோம். ஐந்து மாத வாடகை பாக்கி. பத்து மாத அட்வான்ஸில் கழித்தது போக, சுவரை உடைத்து வைத்துவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் நான் தமிழர்களுக்கே வீடு தரமாட்டேன் என்று தீர்மானித்தேனா? இல்லை. அந்தக் குடும்பம் அப்படி என்றுதான் சொன்னேன். நம் ஆள் தப்பு செய்தால் அவன் ஒருவன் தப்பு, அவர்களில் ஒருவன் செய்தால் அந்த தேசமே தப்பு. இந்தக் கணக்கை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. எப்படி எனக்குத் தெரிந்தது என்பதுதான் கேள்வி.

சி-ஃபார்ம் தொல்லை என்கிறார்கள். வெளிநாட்டவர் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் ஆன்லைனில் பதிய வேண்டும், அவ்வளவுதான். பாஸ்போர்ட், விசா விவரங்களைப் பார்த்து நிரப்ப வேண்டிய ஒரு படிவம். இதைவிட அதிகமான காகிதத்தை நாம் கேஸ் இணைப்புக்குக் கொடுத்திருக்கிறோம்.

23 ஜூன், ஞாயிறு

இன்றைக்கு ஒரு நல்ல நினைவு. பயத்தைப் பற்றி எழுதிக்கொண்டே இருக்கிறேன், பயப்படாத ஒருவரைப் பற்றியும் எழுத வேண்டும்.

1991 டிசம்பரில் எனக்கு ஒன்பது வயது. ஸ்ரீராமபுரத்தில் வாடகை வீடு, அப்பாவுக்கு மில் வேலை. காவிரி இடைக்காலத் தீர்ப்பு 11-ஆம் தேதி அரசிதழில் வந்தது. அடுத்த இரண்டு நாட்களில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பக்கத்து வீட்டுக் கன்னட அஜ்ஜி (பாட்டி) பின்வாசல் வழியாக வந்து எங்கள் எல்லோரையும் தன் வீட்டுக்குள் கொண்டுபோனார். அம்மாவின் நெற்றியில் குங்குமம் வைத்தார். என்னை மடியில் உட்கார வைத்து, "இன்னிக்கு உன் பேரு மஞ்சுளா. நீ என் பேத்தி. நான் கேட்டா மட்டும் ஹூம்னு சொல்லு, வேற வாயைத் திறக்காதே" என்றார் கன்னடத்தில். சாயங்காலம் ஆட்கள் தடியோடு வந்து கேட்டார்கள். வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டே, உள்ளே என் மகளும் பேத்தியும்தான், வேறு யாரும் இல்லை என்றார். கை நடுங்கவில்லை. மஞ்சுளா என்று கூப்பிட்டார், நான் ஹூம் என்றேன்.

அவருக்கும் ஒரு தெரு இருந்தது. சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அவரும் கேட்டுக்குப் பின்னால் நின்று 'இடம் இல்லை' என்று சொல்லியிருக்கலாம்.

24 ஜூன்

நேற்று எழுதியதை அம்மாவுக்கு போனில் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "டம்ளரைப் பத்தி எழுதலையா?" என்றார்.

எனக்கு அது மறந்தே போயிருந்தது. அஜ்ஜி வீட்டில் எங்களுக்கென்று தனி டம்ளர் உண்டு. ஓரத்தில் நசுங்கிய அலுமினிய டம்ளர், ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். எங்கள் சாதி அவருக்குத் தெரியும். அந்த இரண்டு நாளும் அவர்களுடைய எவர்சில்வர் டம்ளரில்தான் குடித்தோம், அவர்கள் தட்டில்தான் சாப்பிட்டோம். கலவரம் அடங்கி வீட்டுக்கு வந்த அடுத்த வாரம் அம்மா மோர் வாங்கப் போனபோது மோர் மறுபடியும் ஜன்னல் டம்ளரில் வந்தது.

"அவங்க நல்லவங்கதாம்மா" என்றார் அம்மா. "உயிரைக் காப்பாத்தினாங்க. டம்ளரையும் மாத்தலை. ரெண்டும் அவங்கதான்."

நேற்றைய பதிவை அழிக்கவில்லை. இதையும் சேர்த்து வாசியுங்கள். ஒருவரிடம் பெரிய தைரியம் இருந்தும் சின்னப் பழக்கம் மாறாமல் இருக்கலாம் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. கொலைக்கு எதிராக நின்ற கைக்கு ஒரு டம்ளரை இடம் மாற்ற முடியவில்லை. அஜ்ஜி போய்ப் பல வருடமாயிற்று. அவருக்காக நான் இன்னும் ஸ்தோத்திரம் சொல்கிறேன், சொல்லிக்கொண்டே இருப்பேன்.

27 ஜூன்

19-ஆம் தேதி கேட்ட கேள்விக்கு, அந்தக் கணக்கு எனக்கு எப்படித் தெரிந்தது என்பதற்கு, விடை அந்த டம்ளரில்தான் இருக்கிறது. சாதி வேறு, நிறவெறி வேறு என்று கேள்வி கேட்ட தம்பி எழுதியிருந்தார். வரலாற்றில் வேறுதான். சாதி நிறத்தைப் பார்ப்பதில்லை, பிறப்பைப் பார்க்கிறது. ஆனால் ஒரு மனிதன் வாசலில் வந்து நின்றதுமே அவனை எங்கே உட்கார வைப்பது, எதில் தண்ணீர் கொடுப்பது என்று கண் அளந்துவிடுகிறதே, அந்தப் பயிற்சியை நாம் சாதியில்தான் பெற்றோம். ஆப்பிரிக்கர் வந்தபோது புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

சபை இதைக் குணப்படுத்தியிருக்க வேண்டாமா? திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1872-இல் கட்டியது. ஒரே பீடம், அதிலிருந்து கால்சட்டை மாதிரி இரண்டாகப் பிரியும் கட்டடம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சாதிப் பிரிவு, நடுவில் சுவர். பூசை ஒன்று, அப்பம் ஒன்று, பக்கத்தில் இருப்பவன் முகம் மட்டும் தெரியக் கூடாது. 1910-இல் சுவரை இடித்தார்கள். இடித்ததை எதிர்த்து மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் மதராஸ் உயர்நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். புராட்டஸ்டண்ட்டுகளாகிய நாம் இதைச் சொல்லித் தப்பிக்க முடியாது. 1833-இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கடிதம் எழுதியதும் சபையை விட்டே வெளியேறியவர்கள் நம் முன்னோர்தான். இன்றைக்கும் நம் சபையார் கொடுக்கிற மணமகள் தேவை விளம்பரத்தைப் பாருங்கள். சி.எஸ்.ஐ என்று போட்டு உடனே பக்கத்தில் சாதி, அதற்குப் பக்கத்தில் சிவந்த நிறம். எனக்குப் பேசிய ஒரு இடம், "தாத்தா எந்த ஊரு, கோலாரா, எந்த லைன்?" என்ற கேள்வியோடு நின்றுபோனது. அவர்களும் திருவிருந்து எடுக்கிறவர்கள்.

தென்னாப்பிரிக்காவில் டச்சு சீர்திருத்த சபை 1857-இல் ஒரு தீர்மானம் போட்டது. எல்லோரும் ஒன்றாக ஆராதிப்பதே வேதத்துக்கு ஏற்றது, ஆனாலும் சிலருடைய பலவீனத்தினிமித்தம் கறுப்பர்கள் தனியாக ஆராதிக்கலாம் என்று. பலவீனர் யார்? கறுப்பரோடு உட்கார மனமில்லாத வெள்ளையர். அவர்கள் மனம் நோகக் கூடாது என்று ஒரு சலுகை. அந்தச் சலுகைதான் பிற்பாடு தனிச் சபையாக வளர்ந்தது. 1948-க்குப் பிறகு அரசாங்கமே மக்களை நிறப்படி பிரித்தபோது, சபை அதற்கு வேதத்திலிருந்து நியாயம் எடுத்துக் கொடுத்தது. அதே சபைக் குடும்பத்தில் கறுப்பர் அல்லாத, வெள்ளையரும் அல்லாத கலப்பினத்தாருக்கென்று பிரித்துவைத்த சபைதான் 1986-இல் பெல்ஹார் விசுவாச அறிக்கையை ஏற்று, பிரித்து வைப்பது சுவிசேஷத்துக்கே விரோதம் என்று அறிக்கையிட்டது.

என் கேட்டில் நான் செய்ததும் அந்த 1857 தீர்மானம்தான். எதிர்வீட்டு அம்மாவின் பலவீனத்தினிமித்தம்.

28 ஜூன்

ஒருவர் கேட்டிருக்கிறார், பேதுருவை எதிர்த்து பவுல் எல்லோருக்கும் முன்பாகப் பேசினாரே, அப்படி உங்களிடம் யார் பேசினார்கள் என்று. யாரும் பேசவில்லை. என் கணவரிடம் சொன்னபோது "விடு, வேற ஆள் வருவாங்க" என்றார். சபையில் சொல்லியிருந்தால் பாதிப் பேர் தலையாட்டியிருப்பார்கள். பர்னபாவே இழுப்புண்டு போனார் என்று அங்கே எழுதியிருக்கிறது, அவ்வளவு நல்ல மனிதர்.

அப்புறம், அந்த அந்தியோகியா சபையின் தலைவர்கள் பட்டியல் அப்போஸ்தலர் 13-இல் இருக்கிறது. பர்னபா, நீகர் என்னப்பட்ட சிமியோன், சிரேனே ஊரானாகிய லூகி, ஏரோதுவோடு வளர்ந்த மனாயீன், சவுல் (அதாவது பவுல்). நீகர் என்றால் லத்தீனில் கறுப்பு. சிரேனே ஆப்பிரிக்காவில் இருக்கிறது. பவுலின் தலையில் கைவைத்து அனுப்பிய கைகளில் அந்தக் கைகளும் உண்டு.

3 ஜூலை

மேல் போர்ஷன் போன மாதக் கடைசியில் காலியாயிற்று. இந்த இழையில் இவ்வளவு எழுதிவிட்டுச் சொல்லாமல் இருக்கக் கூடாது. இன்று காலை போர்டு மாட்டினேன்.

பத்து மணிக்கெல்லாம் உகாண்டாவிலிருந்து வந்த இரண்டு மாணவிகள் வந்தார்கள். நர்சிங் படிக்கிறார்கள். அக்கா தங்கை. எனக்கு நெஞ்சு படபடத்தது, மறைக்க விரும்பவில்லை. எதிர்வீட்டு அம்மா இன்றைக்கும் மாடியில் இருந்தார். கேட்டைத் திறந்து மேலே கூட்டிக்கொண்டு போனேன். சமையலறையைப் பார்த்துவிட்டு, போஷோ கிண்டப் பெரிய பாத்திரம் வைக்க அடுப்பு மேடை போதுமா என்று பெரியவள் கேட்டாள். மக்காச்சோள மாவில் கிண்டுவார்களாம். செய்முறையை அவள் சொல்லச் சொல்ல, என் பாட்டி கேப்பைக்களி கிண்டியது அப்படியே கண்ணில் வந்தது. மாவைக் கொதிநீரில் தூவுவது, கட்டி விழாமல் துடுப்பால் அழுத்துவது, கடைசியில் மூடிப் புழுங்கவிடுவது. எல்லாம் ஒன்றுதான். இங்கே ராகி முத்தே கிடைக்கும், சாப்பிட்டுப் பார் என்றேன். அதைத்தான் ஒரு வருடமாக மெஸ்ஸில் சாப்பிடுகிறோம் என்று இருவரும் சிரித்தார்கள்.

4 ஜூலை

நேற்றைய பதிவில் ஒன்று விட்டுப்போயிற்று. அவர்கள் போன பிறகு எதிர்வீட்டு அம்மா கேட்டார், யார் அவர்கள் என்று. "நம்ம சர்ச்சுக்கு வர்ற பிள்ளைங்க" என்று சொல்லிவிட்டேன். அது உண்மை இல்லை. அவர்கள் எந்தச் சபைக்குப் போகிறார்கள் என்று நான் கேட்கவே இல்லை. அவர்களுக்கு வீடு கொடுப்பதற்கு ஒரு சாக்கு வேண்டும் என்று என் வாய் தானாகவே தேடிக்கொண்டது. ஏழு வருடம் கழித்தும் அதே பயம். நாளை அந்த அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

6 ஜூலை, சனி

சொன்னேன். "சர்ச் இல்லீங்க, வாடகைக்கு வர்றாங்க, உகாண்டா" என்றேன். அவர் முகம் சுருங்கியது. அசோசியேஷனில் பேசுவேன் என்றார். சரி, நானும் வருகிறேன் என்றேன்.

பிள்ளைகள் 15-ஆம் தேதி வருகிறார்கள். அட்வான்ஸ் இரண்டு மாதம் போதும் என்று சொல்லிவிட்டோம். சின்னவள் கடைசியாகக் கேட்டது தண்ணீரைப் பற்றித்தான். மார்ச்சில் பழைய இடத்தில் போர்வெல் வற்றி டேங்கருக்குக் காத்துக்கிடந்தார்களாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காவேரித் தண்ணீர் வரும், விடிகாலையில் மோட்டார் போட வேண்டும், முதல் வாரம் நானே எழுப்புகிறேன் என்றேன்.